சேப்பாக்கத்தில் நாலு நாள்

கிரிக்கெட் என்றாலே ஒருவர் பந்தைத் தட்டுவதும், இன்னொருவர் அதைப் பொறுக்குவதும், மற்ற ஒன்பது பேர் வெயிலில் நின்று கொட்டாவி விடுவதும்தான் என்று சொல்கிறவர்கள் நம்மில் இன்னும் உண்டு. அப்படிப்பட்டவர்களுக்கு ஒரு சமாசாரம். 2024-ம் வருஷம் ஜூன் மாதம் 28-ந் தேதி வெள்ளிக்கிழமை, சேப்பாக்கம் மைதானத்தில், காலையில் ஆட்டம் தொடங்கி மாலையில் முடிவதற்குள், இந்தியப் பெண்மணிகள் நாலு விக்கெட் இழப்புக்கு 525 ரன்கள் குவித்துவிட்டார்கள். டெஸ்ட் ஆட்ட சரித்திரத்தில் எந்தக் கட்சியும் ஒரே நாளில் அவ்வளவு ரன் எடுத்ததில்லை. பெண்கள் கட்சி மட்டுமல்ல, ஆண்கள் கட்சியும் எடுத்ததில்லை. அதற்கு முந்திய கணக்கு 2002-ம் வருஷம் இலங்கை ஆடவர் கொழும்பில் எடுத்த 509.

எதிரே ஆடியது தென்னாப்பிரிக்கா. அந்தப் பெண்கள் ஜூன் மாதத்தில் நமது தேசத்துக்கு வந்து, முதலில் பெங்களூரில் மூன்று ஒரு நாள் ஆட்டங்கள் ஆடி மூன்றிலும் தோற்று, பிறகு சென்னைக்கு வந்து சேர்ந்தார்கள். (அந்த மூன்றில் நடு ஆட்டம் நாலே ரன்னில் தீர்ந்தது, இரு கட்சியிலுமாக நாலு பேர் சதம் அடித்தார்கள். ஆகையால் தோற்றார்கள் என்று சாதாரணமாகச் சொல்லிவிடுவது நியாயமல்ல.) சென்னையில் ஒரு டெஸ்டும் மூன்று இருபது ஓவர் ஆட்டங்களும்.

சேப்பாக்கத்துக்கும் டெஸ்ட் ஆட்டத்துக்கும் உள்ள பந்தம் பழையது. 1952-ம் வருஷம் பிப்ரவரி மாதத்தில், இந்திய ஆடவர் தங்களுடைய முதல் டெஸ்ட் வெற்றியை இங்கிலாந்துக்கு எதிராகப் பெற்றது இந்த மண்ணில்தான். அந்தக் கதையைத் தாத்தாமார்கள் இன்றும் சொல்லுவார்கள். 1976-ம் வருஷம் நவம்பர் மாதத்தில் மேற்கிந்தியப் பெண்கள் வந்து இதே மைதானத்தில் இந்தியப் பெண்களுடன் டெஸ்ட் ஆடினார்கள் என்பதை எந்தத் தாத்தா சொன்னார்? அதற்குப் பிறகு நாற்பத்தெட்டு வருஷ காலம் சேப்பாக்கத்தில் பெண்கள் டெஸ்ட் என்ற பேச்சே இல்லை. 1976-ல் கைக்குழந்தையாக இருந்தவர்கள் 2024-ல் பேரன் பேத்தி எடுத்திருக்கக்கூடும்.

தாம்பரத்திலிருந்து சேப்பாக்கத்துக்குப் போவது அந்த ஜூன் மாதத்தில் கொஞ்சம் சங்கடமான காரியம். 1931-ம் வருஷம் முதலே தாம்பரத்துக்கு மின்சார ரயில் உண்டு. அந்த வண்டிதான் நமது தென்புறத்துக் கிராமங்களையெல்லாம் பட்டணமாக்கிற்று. ஆனால் வேளச்சேரிக்குப் போகும் பறக்கும் ரயில், நாலாவது தண்டவாளம் போடுகிற காரணத்தால் 2023-ம் வருஷம் ஆகஸ்ட் கடைசி முதல் கடற்கரைக்குப் போகாமல் சிந்தாதிரிப்பேட்டையோடு நின்றுவிட்டது. மறு வருஷம் அக்டோபர் கடைசியில்தான் மறுபடி ஓடியது. ஆகவே குரோம்பேட்டை, பல்லாவரம் ஜனங்கள் மின்சார ரயிலில் போய் இறங்கி, பஸ்ஸோ ஆட்டோவோ பிடிக்க வேண்டியிருந்தது. மேடவாக்கம், மடிப்பாக்கம், பள்ளிக்கரணைக்காரர்கள் வேளச்சேரிக்குப் போய் ரயில் ஏறினால் சேப்பாக்கம் ஸ்டேஷனில் இறங்கி நடக்கலாம். இவ்வளவும் எதற்காகச் சொல்கிறோம் என்றால், வீட்டில் ஒரு பெண் குழந்தை "நானும் பார்க்கவேண்டும்" என்றால் அவளை அழைத்துக்கொண்டு போய்ச் சேர்க்க ஒரு பெரியவர் ஒரு நாளை முழுதாகச் செலவிட வேண்டும். சேலையூரில் நமக்குத் தெரிந்த ஒரு வீட்டில் நடந்த சம்பாஷணை இது:

"ஏண்டி குழந்தே, அதுதான் டெலிவிஷனில் காட்டுகிறானே! வெயிலில் போய் என்னத்துக்கு?"

"டெலிவிஷனில் பந்து மாத்திரம்தான் தெரியும், தாத்தா. பந்து வராதபோது அவர்கள் என்ன செய்கிறார்கள் என்று பார்க்கவேண்டும்."

தாத்தாவுக்கு இதற்குப் பதில் அகப்படவில்லை. நமக்கும் அகப்படவில்லை. கிளம்பினார்கள்.

அன்றைக்குப் போனவர்கள் கண்டது இதுதான். ஷபாலி வர்மாவும் ஸ்மிருதி மந்தானாவும் முதல் விக்கெட்டுக்கு 292 ரன்கள் சேர்த்தார்கள். பெண்கள் டெஸ்டில் முதல் ஜோடி சேர்த்த ரன்களில் அதுவே அதிகம். மந்தானா 149-ல் போனார். ஷபாலி போகவில்லை. டெல்மி டக்கர் என்பவர் போட்ட பந்துகளில் அடுத்தடுத்து இரண்டு ஸிக்ஸர் அடித்து, பிறகு சாதுவாக ஒரு ரன் ஓடி, 194-வது பந்தில் இரட்டைச் சதத்தைத் தொட்டார். பெண்கள் டெஸ்டில் அத்தனை வேகமாக இருநூறு எடுத்தவர் வேறு யாரும் இல்லை. இந்தியப் பெண்களில் அதற்கு முன் இருநூறு கண்டவர் மிதாலி ராஜ் ஒருவரே; 2002-ல் இங்கிலாந்திலுள்ள டான்டனில் 214. கடைசியில் ஷபாலி 205-ல் ரன் அவுட்டானார். பந்து போட்டு அவரை வெளியேற்ற யாராலும் முடியவில்லை. ஓடுவதில் ஏற்பட்ட குழப்பம்தான் அந்த உபகாரத்தைச் செய்தது.

இந்த ஷபாலி, ஹரியானாவில் ரோத்தக் நகரத்துப் பெண். சிறு வயதில் அவ்வூர்ப் பயிற்சிக்கூடங்கள் பெண் குழந்தையைச் சேர்த்துக்கொள்ளவில்லை என்று தகப்பனார் மகளின் தலைமயிரைக் கத்தரித்து, பையன் என்று சொல்லிச் சேர்த்தாராம். சேப்பாக்கத்தில் அவர் தலையிலிருந்து தொப்பியை எடுத்து மட்டையை உயர்த்தியபோது அவருக்கு வயது இருபது.

மறுநாள் இந்தியா ஆறு விக்கெட்டுக்கு 603 என்று ஆட்டத்தை முடித்துக்கொண்டது. ரிச்சா கோஷ் 86, தலைவி ஹர்மன்பிரீத் கௌர் 69, ஜெமைமா ராட்ரிக்ஸ் 55. பெண்கள் டெஸ்டில் இதைவிடப் பெரிய எண்ணிக்கை கிடையாது. தென்னாப்பிரிக்கா பதில் ஆட்டம் ஆடி மரிஸான் காப் 74, ஸூனே லூஸ் 65 என்று ஓரளவு நிலைத்து நின்றது. ஆனால் மூன்றாம் நாள் காலையில் ஸ்நேஹ் ராணா என்னும் டேராடூன் பெண்ணின் சுழல் பந்துக்கு முன்னால் சீட்டுக் கட்டாகச் சரிந்தது: மொத்தம் 266. ராணாவுக்கு 77 ரன்களுக்கு எட்டு விக்கெட். 337 ரன் பின்தங்கியவர்களை ஹர்மன்பிரீத் உடனே மறுபடி ஆடச் சொன்னார். "சரி, சாயங்காலத்துக்குள் முடிந்தது, வீட்டுக்குப் போய்க் காப்பி சாப்பிடலாம்" என்று எழுந்தவர்கள் பலர் இருந்திருக்க வேண்டும்.

அவர்கள் இழந்ததுதான் இந்த டெஸ்டின் மிகச் சிறந்த பகுதி என்பது நம்முடைய அபிப்பிராயம். 525-ம் 205-ம் பத்திரிகைகளில் பெரிய எழுத்தில் வந்தன, வந்தது நியாயமே. ஆனால் தென்னாப்பிரிக்கப் பெண்களின் இரண்டாவது இன்னிங்ஸைப் பற்றி நாம் இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டியிருக்கிறது.

அவர்களுடைய தலைவி லாரா வூல்வார்ட். அன்றைய தேதியில் உலகத்தின் மிகச் சிறந்த மட்டைக்காரிகளில் ஒருவர். அவருக்கு இது எத்தனையாவது டெஸ்ட் தெரியுமா? மூன்றாவது! தென்னாப்பிரிக்கப் பெண்கள் 2014-க்குப் பிறகு 2022 வரையில் ஒரு டெஸ்ட்கூட ஆடவில்லை. அவர்கள் தேசத்தில் பெண்களுக்குப் பல நாள் ஆட்டப் போட்டியே கிடையாது. ஐம்பது ஓவரும் இருபது ஓவரும் ஆடிப் பழகிய கை. ஒரு பந்தை விட்டுவிடுவது என்பதே அந்தக் கைக்குப் பாவம் மாதிரி. அப்படிப்பட்டவர்களை, ஜூன் மாதத்துச் சென்னைப் புழுக்கத்தில், நாலு பக்கமும் ஆள் நிறுத்தி, சுழலும் மண்ணில், இரண்டு நாள் தோல்விக்கு எதிராக நில்லுங்கள் என்றால் எப்படி? நீச்சல் தெரியாதவனைக் கிணற்றில் தள்ளி நீந்து என்பது போலத்தான்.

நீந்தினார்கள். வூல்வார்டும் லூஸும் இரண்டாவது விக்கெட்டுக்கு 190 ரன்கள் சேர்த்தார்கள். லூஸ் 109. மூன்றாம் நாள் மாலை ஆட்டம் நின்றபோது இரண்டு விக்கெட்டுக்கு 232. வூல்வார்ட் 93-ல் இருந்தார். மறுநாள் சதத்தைக் கடந்து 122-ல் ஆட்டமிழந்தார்; அதற்கு அவர் சந்தித்த பந்துகள் 314. மூவகை ஆட்டத்திலும் சதம் கண்ட முதல் தென்னாப்பிரிக்கப் பெண்மணி அவரே. பிறகு நாடீன் டி கிளார்க் என்பவர் வந்து 185 பந்துகளைச் சந்தித்து 61 ரன் எடுத்தார். இன்னிங்ஸ் முடியும்போது 154 ஓவர்களும் நாலு பந்துகளும் ஆகியிருந்தன. மொத்தம் 373. முதல் நாளில் ஆளுக்கு ஒரு பக்கம் பந்தைத் தேடி ஓடிய அதே பெண்கள், கடைசி நாளில் இந்தியர்களை வியர்த்து விறுவிறுக்கச் செய்துவிட்டார்கள். இந்தியாவுக்கு வேண்டியது 37 ரன். ஷபாலியும் சுபா சதீஷும் விக்கெட் இழக்காமல் எடுத்து முடித்தார்கள். ஜூலை 1-ந் தேதி ஆட்டம் தீர்ந்தது. பெண்கள் டெஸ்டுக்கு நாலு நாள்தான் கணக்கு, நாலாவது நாள்வரை இழுத்துக்கொண்டு வந்தது அந்த இரண்டாவது இன்னிங்ஸ்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. இரு இன்னிங்ஸிலுமாகப் பத்து விக்கெட் எடுத்து ஆட்ட நாயகியான ஸ்நேஹ் ராணா, 2021-ம் வருஷம் பிரிஸ்டலில் முதல் டெஸ்ட் ஆடியபோது இதே நிலையில் எதிர்ப்பக்கத்தில் நின்றவர். இந்தியப் பெண்கள் ஏழு வருஷ இடைவெளிக்குப் பிறகு ஆடிய டெஸ்ட் அது. பின்தங்கி, மறுபடி ஆட நேர்ந்து, தோல்வி நிச்சயம் என்றிருந்தபோது ராணா ஆட்டமிழக்காமல் 80 ரன் எடுத்துத் தோல்வியைத் தடுத்தார். பழக்கமில்லாதவர்கள் எப்படிப் பழகிக்கொள்கிறார்கள் என்பது அவருக்குத் தெரியாததல்ல.

தென்னாப்பிரிக்கா என்ற பெயர் தமிழ்நாட்டு வீடுகளுக்குப் புதிதல்ல. 1860-ம் வருஷம் சென்னைத் துறைமுகத்திலிருந்து புறப்பட்ட கப்பல்தான் முதன் முதலாக நம்மவர்களைக் கரும்புத் தோட்டக் கூலிகளாக டர்பனில் இறக்கியது. அந்த மண்ணில் பிறந்து, சத்தியாக்கிரகத்தில் சிறை சென்று, 1914-ல் பதினாறு வயதில் உயிர் நீத்தவள் தில்லையாடி வள்ளியம்மை. தென்னாப்பிரிக்கப் பெண்கள் 1960-ல் முதல் டெஸ்ட் ஆடியபோது அந்தக் கட்சியில் வெள்ளையர் தவிர வேறு யாருக்கும் இடமில்லை. நிறபேதச் சட்டங்கள் ஒழிகிற காலம் வரையில் நமது தேசம் அவர்களுடன் விளையாடவும் மறுத்தது. 2024-ல் சேப்பாக்கத்தில் இறங்கிய பதினொருவரில் மலாபா, கிளாஸ், செக்குகுனே, ஜாப்டா ஆகியோரும் இருந்தார்கள். வள்ளியம்மையின் பெயரை அறிந்த நமக்கு அந்தப் பட்டியலைப் படிப்பதே ஒரு திருப்தி.

இனி நம் வீட்டுப் பெண்களைப் பற்றி. அந்த டெஸ்டில் ஆடிய இந்தியப் பதினொருவரில் தமிழ்நாட்டுப் பெண் ஒருவர்கூட இல்லை. பின்னால் நடந்த இருபது ஓவர் ஆட்டங்களுக்கான கூட்டத்தில் சென்னையில் பிறந்த ஹேமலதா தயாளன் இருந்தார், அவ்வளவுதான்.

எப்போதுமே இப்படி இருந்ததில்லை. 1976-ல் இந்தியாவுக்குத் தலைமை வகித்த சாந்தா ரங்கசாமி சென்னையில் பிறந்தவர், ஆடியது கர்நாடகத்துக்காக. அர்ஜுனா விருது பெற்ற முதல் கிரிக்கெட் பெண்மணி அவர். நம் மாகாணத்துக்காக ஆடிய சுதா ஷா 21 டெஸ்டுகளில் விளையாடியவர்; பிற்பாடு 2005-ம் வருஷம் இந்தியப் பெண்கள் உலகக் கோப்பையின் இறுதி ஆட்டம் வரை சென்றபோது அவர்களுக்கு ஆசிரியை. அந்தத் தலைமுறையினர் ரிஸர்வ் செய்யாத ரயில் பெட்டிகளில் மூட்டை முடிச்சுடன் தேசம் முழுதும் பிரயாணம் செய்து, கிடைத்த கூடங்களில் தரையில் படுத்து, ஆடிவிட்டு வந்தவர்கள். சம்பளம் என்ற சொல்லுக்கே அங்கே இடமில்லை. 2006-ல் பெண்கள் கிரிக்கெட் சங்கம் இந்தியக் கிரிக்கெட் போர்டுடன் சேர்ந்தது. 2022-ம் வருஷம் அக்டோபரில்தான் போர்டு பெண்களுக்கும் ஆண்களுக்கும் ஆட்டச் சம்பளம் ஒன்றே என்று அறிவித்தது. டெஸ்டுக்கு 15 லட்சம் ரூபாய்.

பிறகு வந்தவர் சென்னைப் பெண் நிரஞ்சனா நாகராஜன். 2014-ம் வருஷம் ஆகஸ்டில் இங்கிலாந்தில் வோர்ம்ஸ்லி என்னுமிடத்தில், தமது முதல் டெஸ்டில் 19 ரன்களுக்கு நாலு விக்கெட் எடுத்து இங்கிலாந்தை 92-ல் சுருட்டுவதற்கு உதவினார். இந்தியா ஜயித்தது. அதே வருஷம் நவம்பரில் மைசூரில் தென்னாப்பிரிக்காவுடன் ஆடிய டெஸ்டில் இன்னொரு சென்னைப் பெண், திருஷ் காமினி, 192 ரன் எடுத்தார். இதே காமினிதான் அதற்கு முந்திய வருஷம், உலகக் கோப்பையில் சதம் அடித்த முதல் இந்தியப் பெண்மணி என்று பெயர் எடுத்தவர். அப்போது வயது இருபத்திரண்டு.

நூற்றுத் தொண்ணூற்றிரண்டு ரன் எடுத்த ஒரு பெண்ணுக்கு அடுத்த டெஸ்ட் எப்போது கிடைத்தது? கிடைக்கவே இல்லை. அவரை யாரும் நீக்கவில்லை. டெஸ்ட் ஆட்டமே நடக்கவில்லை. மைசூருக்குப் பிறகு 2021 ஜூன் வரையில் இந்தியப் பெண்கள் ஒரு டெஸ்டும் ஆடவில்லை. ஆறரை வருஷம்! இருபத்து நாலு வயதில் சிகரத்தில் நின்றவர், முப்பது வயதுக்குக் காத்திருக்கவேண்டும் என்றால் என்ன அர்த்தம்? ஆடவர் கட்சியில் ஒருவர் 192 ரன் எடுத்து அதுவே அவருடைய கடைசி டெஸ்ட் இன்னிங்ஸ் என்று ஆகியிருந்தால், நமது ஊர்ப் பத்திரிகைகள் சும்மா இருந்திருக்குமா? சட்டசபையில் கேள்வி கேட்டிருப்பார்கள்!

பல நாள் ஆட்டம் ஏன் வேண்டும், இருபது ஓவரில்தான் பணமும் கூட்டமும் என்று கேட்கலாம். வூல்வார்டின் 314 பந்துகளைப் பார்த்தவர்கள் அப்படிக் கேட்கமாட்டார்கள். உள்நாட்டில் பெண்களுக்கான பல நாள் போட்டியும் நடுவில் ஆறு வருஷம் நின்றுபோய், 2024 மார்ச்சு மாதக் கடைசியில்தான் புனாவில் மறுபடி தொடங்கிற்று. நின்றுபோன அந்த வருஷங்களில் பதினைந்து வயதிலிருந்து இருபத்தொரு வயதுக்குப் போன பெண்கள் பொறுமையை எங்கே போய்க் கற்றிருப்பார்கள்?

தாம்பரம் பக்கத்தில் ஒரு பெண் கிரிக்கெட் கற்கவேண்டுமென்றால் முதல் இடைஞ்சல் இடம். 1937-ல் கிறிஸ்துவக் கல்லூரி பட்டணத்தை விட்டுத் தாம்பரத்துக் காட்டுக்கு வந்தபோது, சுற்றிலும் ஏரியும் புதரும் பொட்டலும்தான். அந்தப் பொட்டல்களில் இன்று மாடி வீடுகள். 2021-ல் தாம்பரம் கார்ப்பொரேஷன் ஆகிவிட்டது. சாலை உண்டு, விளக்கு உண்டு. பந்து அடித்தால் கண்ணாடி உடையாத ஒரு வெளி வேண்டுமானால் தேடவேண்டும். இருக்கிற வெளியிலும் சாயங்காலம் ஆனால் பையன்கள் மூன்று கட்சியாகப் பிரிந்து ஆடுகிறார்கள். அவர்களுக்கு நடுவில் ஒரு பெண் மட்டையுடன் போய் நிற்பதற்கு ஷபாலியின் தகப்பனார் மாதிரி ஒரு கத்தரிக்கோல்காரர் வேண்டியிருக்கிறது. துரைப்பாக்கத்தில் சூப்பர் கிங்ஸ் பயிற்சிக்கூடம் இருக்கிறது, சிறுமிகளையும் சேர்த்துக்கொள்கிறார்கள். ஆனால் சேலையூரிலிருந்து துரைப்பாக்கத்துக்குப் பள்ளிக்கூடம் விட்டபின் பஸ்ஸில் போய், இருட்டியபின் திரும்பி வரவேண்டும். யார் கூடப் போவது என்பதுதான் வீட்டில் எழும் கேள்வி. ஆட்டக்காரியின் எதிர்காலம் பந்து வீச்சில் அல்ல, அநேகமாக இந்தக் கேள்வியில்தான் தீர்மானமாகிறது.

ஆனாலும் அறிகுறிகள் நல்லவையே. மதுரைப் பெண் கமலினியை 2024 டிஸம்பரில் பம்பாய்க் கட்சி 1 கோடியே 60 லட்சம் ரூபாய்க்கு எடுத்துக்கொண்டது. அப்போது அவளுக்குப் பதினாறு வயது. மறு வருஷம் பிப்ரவரியில் மலேயா தேசத்தில் பத்தொன்பது வயதுக்குட்பட்ட பெண்களின் உலகக் கோப்பையை இந்தியா வென்றபோது அவளும் அந்தக் கட்சியில் இருந்தாள். இறுதி ஆட்டத்தில் எதிரிகள் யார் என்கிறீர்கள்? அதே தென்னாப்பிரிக்கர்கள்.

சென்னையில் நடந்த இருபது ஓவர் ஆட்டங்களைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. ஜூலை 5-ந் தேதி டாஸ்மின் பிரிட்ஸ் 81 ரன் எடுக்க, தென்னாப்பிரிக்கா 12 ரன்னில் ஜயித்தது. 7-ந் தேதி ஆட்டத்தை மழை எடுத்துக்கொண்டது. 9-ந் தேதி அவர்கள் 84 ரன்னில் சுருண்டார்கள்; பூஜா வஸ்த்ரகர் நாலு விக்கெட் எடுத்தார்; மந்தானாவும் ஷபாலியும் விக்கெட் போகாமல் முடித்தார்கள். ஆளுக்கு ஒன்று. கை குலுக்கிப் பிரிந்தார்கள்.

பிரிந்தவர்கள் 2025-ம் வருஷம் நவம்பர் 2-ந் தேதி மறுபடி சந்தித்தார்கள். இடம் நவி மும்பை. சந்தர்ப்பம் பெண்கள் உலகக் கோப்பையின் இறுதி ஆட்டம். சேப்பாக்கத்து நாலு நாளை நினைவு வைத்திருந்தவர்களுக்கு அன்று நடந்தது பழைய நாடகத்தின் இரண்டாம் அங்கம் போல் இருந்திருக்கும். போட்டித் தொடக்கத்தில் கட்சியிலேயே இல்லாத ஷபாலி, பிரதிகா ராவல் காயமடைந்ததால் கடைசி வேளையில் அழைக்கப்பட்டு, 87 ரன் எடுத்து, போதாக்குறைக்கு இரண்டு விக்கெட்டும் எடுத்தார். வூல்வார்ட் இங்கேயும் தனியாக நின்று 101 எடுத்தார். கடைசியாகப் போனவர் சேப்பாக்கத்தில் 185 பந்துகள் நின்ற அதே டி கிளார்க். அவர் அடித்த பந்தைப் பின்னால் ஓடிப் பிடித்தவர் ஹர்மன்பிரீத். 52 ரன் வித்தியாசத்தில் இந்தியாவுக்கு முதல் உலகக் கோப்பை. அன்றிரவு தாம்பரத்திலும் வெடி கேட்டது. தீபாவளி போய் இரண்டு வாரம் ஆகியிருந்தது.

கணக்குப் பார்ப்பதில் பிரியமுள்ள நேயர்களுக்கு ஒரு விஷயம். இந்த இரு தேசத்துப் பெண்களும் டெஸ்ட் ஆட்டத்தில் முதலில் சந்தித்தது 2002-ல், தென்னாப்பிரிக்காவிலுள்ள பார்ல் நகரில். அடுத்தது 2014-ல் மைசூரில். மூன்றாவது சேப்பாக்கத்தில். மூன்றிலும் இந்தியாவுக்கே வெற்றி. முதலாவதற்கும் இரண்டாவதற்கும் நடுவில் பன்னிரண்டு வருஷம். இரண்டாவதற்கும் மூன்றாவதற்கும் பத்து. இதே விகிதத்தில் போனால் நாலாவது டெஸ்ட் 2032-க்குப் பக்கத்தில் வரும். சேப்பாக்கத்துக்குப் போகவேண்டும் என்று பிடிவாதம் பிடித்த அந்தச் சேலையூர்ச் சிறுமிக்கு அப்போது பதினேழு வயது நடக்கும். தாத்தா அவளுக்கு ஒரு மட்டை வாங்கிக் கொடுத்திருக்கிறார். மாடியில் ஆடுகிறாள்; பந்து கீழே விழுந்தால் தாத்தாதான் எடுத்து வரவேண்டும் என்று ஏற்பாடு.